ஓடி ஏறும் வண்டி

கிராஞ்சி ரோட்டில் வண்டி மறுபடியும் நின்றுபோனது.

செல்லக்கண்ணு பின்பலகையிலிருந்து இறங்கி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். மழை விட்டிருந்தது, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஆளுயர லாலாங் புல். அதற்கப்பால் ரப்பர் மரங்கள். ஈ காக்கை இல்லை.

அவளுடைய அக்காள் வீட்டில் எவ்வளவோ சொன்னார்கள். போன வாரம்தான் ரப்பர் பால்வெட்டப் போன ஒருவனைப் புலி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, இருந்துவிட்டுக் காலையில் போங்கள் என்றார்கள். அவள் புருஷன் கேட்டால்தானே. மோட்டார் சைக்கிள்காரனைப் புலி என்ன செய்துவிடும் என்று சவடால் அடித்துவிட்டுக் கிளம்பினார்.

அந்தச் சவடால் இப்போது போன இடம் தெரியவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டியருகே குந்தினார்.

வண்டி லேசுப்பட்டதல்ல. ஒரு வெள்ளைக்காரத் துரை மேடு பள்ளங்களில் சோதனைப் பந்தயம் ஓட்டிப் பரிசு வாங்கியது. சீமைக்குத் திரும்பும்போது துரை அதை இவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். மலை ஏறும், சேற்றில் இறங்கும், கொஞ்சம் ஈரம் பட்டால் மட்டும் மகாராஜா மாதிரி நின்றுவிடும். பெற்ற பிள்ளைக்கு இல்லாத சீராட்டு அதற்கு.

ப்ளக்கைக் கழற்றினார். கரி பிடித்திருந்தது. அவள் முந்தானையிலேயே துடைத்தார். வேறு நாளாயிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். பெட்ரோல் இறங்குகிறதா என்று பார்த்தார், இறங்கியது. கடைசியில் பின்சக்கரத்தைச் சுற்றவைக்கும் தோல் வாரைத் தொட்டுப் பார்த்தார். மழையில் ஊறி வழவழவென்று இருந்தது, சக்கரத்தைப் பிடிக்காமல் வழுக்கும்.

இடுப்பிலிருந்த திருநீற்றுப் பையை எடுத்து, மொத்தத்தையும் வாரின் மேல் கொட்டித் தேய்க்க ஆரம்பித்தார்.

“சாமி துன்னூறப் போயி வண்டிக்குப் பூசறீங்களே.”

“நெத்தியில பூசுனா காப்பாத்துற சாமி, வார்ல பூசுனா மாட்டேங்குமா? பின்னால வந்து தள்ளு புள்ள.”

புல்லுக்குள் ஏதோ நகர்ந்தது. காற்று இல்லை. இரண்டு பேருக்கும் கேட்டது, இரண்டு பேருமே கேட்காத மாதிரி இருந்தார்கள்.

அந்த வண்டியைக் கிளப்ப ஒரே வழிதான். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், அவள் பின்னாலிருந்து தள்ள வேண்டும். இஞ்சின் பிடித்ததும் அவர் தாவி உட்காருவார். அவளும் ஓடி வந்து பலகையில் தொற்றிக்கொள்ள வேண்டும். சக்கரம் நின்றால் இஞ்சினும் நின்றுவிடும். அதனால் யாருக்காகவும் அது நிற்காது.

தள்ளினாள். உயிரைக் கொடுத்துத் தள்ளினாள். படபடவென்று இஞ்சின் பிடித்தது. அவர் தாவி உட்கார்ந்தார். அவளும் பாய்ந்தாள். ஈரச் சேலை காலைச் சுற்றிக்கொள்ள, குப்புற விழுந்தாள்.

வண்டி போய்க்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் அவள் விழுந்தது அவருக்குக் கேட்கவில்லை.

கூப்பிட வாயைத் திறந்தவள், கையால் பொத்திக்கொண்டாள்.

கூப்பிட்டால் நிறுத்திவிடுவார். நிறுத்தினால் அது இனிக் கிளம்பாது. பட்டணத்தில், ஜாலான் புசாரில் பக்கத்து வீட்டுப் பூவம்மாவிடம் விட்டுவிட்டு வந்த மூன்று வயதுப் பிள்ளைக்கு, அப்பன் ஆத்தாள் இரண்டில் ஒன்றாவது வேண்டாமா. போகட்டும். அவராவது போய்ச் சேரட்டும்.

ரோட்டோரத்துப் புல் மறுபடியும் அசைந்தது. பச்சை இறைச்சி நாற்றம் அடித்தது. அவள் விழுந்த இடத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். வண்டிச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. இன்னும் கொஞ்சம் தூரம், இன்னும் கொஞ்சம் என்று அதை மனசாலேயே தள்ளிக்கொண்டிருந்தாள்.

சத்தம் நின்றது.

தானாக நிற்பதென்றால் அந்த வண்டி இருமும், விக்கும், ஒரு வெடி வெடித்துவிட்டுத்தான் அடங்கும். அவளுக்குத் தெரியாததா? இது பட்டென்று நின்றது. அவராகவே நிறுத்தியிருக்கிறார். பின்னால் ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டது, பாவி மனுஷனுக்கு.

அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரமாக வந்தது. அதற்கு நடுவில் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

இருட்டுக்குள் காலடிச் சத்தம். ஓடி வருகிறார்.

அவள் பக்கத்தில் அசைந்துகொண்டிருந்த புல் அடங்கியது. பிறகு, மெதுவாக, அந்தக் காலடி வரும் பக்கமாக வகிடு எடுத்த மாதிரி பிரிந்துகொண்டே போனது.

செல்லக்கண்ணு எழுந்து நின்றாள். என்னாங்க, இந்தாங்க என்று கூப்பிட்டே குடும்பம் நடத்தியவள். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள். கோயிலில் ஐயர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள்.

தொண்டை கிழியக் கத்தினாள்.

“மாணிக்கம், வராத! ஓடு!”

காலடி நின்றது. புல்லும் நின்றது. பிறகு அந்த வகிடு அவள் இருந்த பக்கமாகத் திரும்பியது.