மெரூன் பொட்டு

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வைப்பர் மாற்ற வேண்டும் என்றான். சரி.

இன்ஜினுக்கு ஒரு கோட்டிங் அடித்தால் பளபளவென்று இருக்கும் என்றான். சரி.

"ஏர் பில்டர் சுத்தமா அடைச்சுக் கெடக்குதுங்க மேடம். இன்ஜின் மூச்சு விடவே கஷ்டப்படுது. மாத்திரலாங்களா?"

சரி.

சர்வீஸ் சென்டரின் சபரீசன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். இந்த வண்டிக்கு இவ்வளவு சீக்கிரம் யாரும் சரி சொன்னதில்லை.

"சார் வரலீங்களா? அவரு வந்தா எங்கள ஒரு வழி பண்ணிட்டுத்தான் போவாரு."

"அப்பா ஊர்ல இல்லைங்க."

அப்படிச் சொல்வது எளிதாக இருந்தது.

காரியம் முடிந்துவிட்டது. பந்தலைப் பிரித்துவிட்டார்கள். அவருடைய செருப்பை யாரோ வாசலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் அழுவாள் என்று சொந்தக்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

அவளும் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வண்டியை உயரத் தூக்கினார்கள். அடியில் நின்று ஒருவன் அண்ணாந்து பார்த்தான். அவள் கையில் மெஷின் காபி ஆறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பொட்டு ஞாபகம் வந்தது.

சர்வீஸுக்கு விடுவதற்கு முன்னால் அப்பா அவளுடைய நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போவார். மெரூன் நிறம். கண்ணில் படாத மூலையாகப் பார்த்து ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பொட்டு வைப்பார். மாற்றிவிட்டோம் என்று அவர்கள் சொன்னால், நிஜமாகவே மாற்றினார்களா என்று பொட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். பிரேக் பேடில் ஒருமுறை கையும் களவுமாகப் பிடித்தார். சர்வீஸ் சென்டரே கூடி நின்றது. எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை மட்டும் அவர்களிடம் கடைசிவரை சொல்லவில்லை.

"என் நகத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கப்பா."

"உன் நகத்த எவனும் கழட்டிட்டுப் போக மாட்டான் சாமி."

பில்டர் புதுசு. போன சர்வீஸில் அவரே பக்கத்தில் நின்று மாற்ற வைத்தது. வீட்டுக்கு வந்ததும் அதில் பொட்டு வைத்தார். அவள் டார்ச் பிடித்தாள்.

அதைத்தான் கழற்றச் சொல்லியிருக்கிறாள்.

எழுந்து போய் நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். எழவில்லை.

காபியின் மேல் ஆடை படிந்தது.

சபரீசன் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். கழற்றிய பழைய பாகங்கள். இந்த வண்டிக்கு மட்டும் கேட்காமலே கொண்டு வந்து காட்டுவார்கள். அப்பா சண்டை போட்டுப் பழக்கியது.

மேலே இரண்டு வைப்பர்கள். புரட்டிப் பார்த்தாள். இரண்டிலும் பொட்டு இருந்தது.

இவை போய்விட்டன.

அடியில் பில்டர். கரியேறிக் கிடந்தது. மடிப்புகளுக்குள் வேப்பஞ்சருகு.

"பாத்தீங்களா மேடம். இத வச்சுட்டு எப்படித்தான் ஓட்டுனீங்களோ."

நான்கு மூலைகளையும் பார்த்தாள். விரலால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

பொட்டு இல்லை.

இது வேறு யாருடைய வண்டியிலிருந்தோ எடுத்தது.

அப்பாவாக இருந்தால் அவர் சத்தம் பெருந்துறை ரோடு வரை கேட்டிருக்கும். அவளுக்குக் கோபம் வரவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வண்டியிடம் போனாள்.

"பானெட்டைத் திறங்க."

"எதுக்குங்க மேடம், எல்லாம் முடிச்சு வாட்டர் வாஷே பண்ணியாச்சு..."

"திறங்க."

திறந்தான். பில்டர் பெட்டியின் கிளிப்புகளை அவளே விடுவித்தாள். அது அப்பா சொல்லிக் கொடுத்தது.

தூசி தட்டி, இருந்த பில்டரையே திரும்ப வைத்திருந்தார்கள்.

விளிம்பில், மூலையோரமாக, மெரூன். கொஞ்சம் இழுபட்ட பொட்டு. அன்று டார்ச்சை ஆட்டிவிட்டாள் என்று திட்டு வாங்கியிருந்தாள்.

சபரீசனின் நெற்றி வேர்த்துவிட்டது. அவள் எதைப் பார்த்துக் கண்டுபிடித்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் மாட்டிக்கொண்டது தெரிந்தது.

"ஐயோ, பசங்க மறந்துட்டானுங்க போலங்க மேடம். இருங்க, புதுச இப்பவே போட்டுத் தர்றேன்."

உள்ளே கையை நீட்டினான்.

அவள் கை முந்திக்கொண்டு பில்டரின் மேல் விழுந்தது.

"தொடாதீங்க."

அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது.

"அப்ப பில்லுலிருந்து எடுத்துடறேங்க மேடம்."

"வேண்டாம். மாத்துனதாவே இருக்கட்டும்."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவள் கிளிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்தி மூடினாள். மூடியதும் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

பணம் கட்டிவிட்டு அவள் வண்டியில் ஏறியபோது அவன் ஜன்னல் வரைக்கும் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சார்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க மேடம்."

"சொல்லலைங்க."

சிக்னலில் வண்டி நின்றது. மடியில் பழைய வைப்பர்கள்.

அவர் போனதிலிருந்து அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. படத்துக்கு விளக்கேற்றும்போதுகூட.

"அப்பா," என்றாள்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"அவங்க மாத்தலைப்பா."