இன்னும் ஒரு சந்தேகம்

“வேற யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று மைக்கில் கேட்டார் அதிகாரி. நகரத்தின் வெக்கையைத் தணிக்கும் திட்டம் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம். வந்திருந்த சொற்பப் பேரும் கிளம்பிவிட்டார்கள்.

கடைசி வரிசையிலிருந்த பெண் மட்டும் மறுபடி கை தூக்கினாள்.

“தெருவுல மரம் நடுவோம்னீங்களே, எந்த மரம் சார்?”

“அதை அப்பவே சொன்னேனேம்மா.”

“இன்னொரு தடவை சொல்லுங்க சார்.”

சொன்னார். குளத்தைப் பற்றிக் கேட்டாள். அதையும் சொன்னார். அவருக்கு உள்ளூரப் பெருமை. இந்தத் திட்டத்தை இவ்வளவு அக்கறையாக அவர் மனைவிகூடக் கேட்டதில்லை.

“சார், நேரமாச்சு. ஏசியை நிறுத்திடவா?” என்றார் வாட்ச்மேன்.

“வேண்டாம்ணே!” அவள் பதறி எழுந்தாள். “இன்னும் ஒரு சந்தேகம் இருக்கு.”

அதிகாரி சிரித்தபடி மேடையை விட்டு இறங்கி அவளிடம் வந்தார். அவளுக்குப் பக்கத்தில், சேர்த்துப் போட்ட நாற்காலிகளில் ஒருவன் வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

“என் வீட்டுக்காரர் சார். ராத்திரி பஸ் ஓட்டுறாரு. எங்களுது தகரக் கூரை, பகல்ல அனலா கொதிக்குது. இந்த வாரம் பூரா பொட்டுத் தூக்கமில்ல. இன்னைக்கும் வண்டி எடுக்கணும்.”

“கூரைக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ட் அடிக்கிறது திட்டத்துலயே இருக்கும்மா. அஞ்சு வருஷத்துல...”

“அதுவரைக்கும் அவர் முழிச்சிருக்கணுமே சார்.”

அதிகாரி மேடைக்குத் திரும்பினார். மைக்கை அணைத்துவிட்டு, தடித்த திட்ட அறிக்கையைத் திறந்தார்.

“முதல் பக்கத்திலேர்ந்து வரேம்மா,” என்றார், தணிந்த குரலில்.