மலையடிவாரத்தில் திரும்பும் கார்

தேவசகாயம் இறந்து ஒரு வருடம் ஆகியும் கார் அவரைப் போலவேதான் ஓடியது. பன்னிரண்டு வருடம் அவர் ஓட்டுவதைப் பார்த்துப் பழகிய கார் அது. படுத்துத் தங்கும் கேரவன் வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, விடுமுறைக்கு அவர் கூட்டிப்போன முகாம்களுக்கெல்லாம் அவர் மனைவி நவமணியையும் மகள் ஷீபாவையும் தானாகவே கொண்டுபோனது. வளைவுக்கு முன்னால் அவரைப் போலவே இரண்டு முறை ஹாரன் அடித்தது.

மேகமலை அடிவாரம் வந்ததும், அவரைப் போலவே வந்த வழியே திரும்பிப்போக முயன்றது. கேரவனோடு மலையேற அவருக்குப் பயம். நவமணி எத்தனை முறை கேட்டும் அவர் ஏறியதில்லை.

"நிறுத்து. நானே ஓட்டுறேன்," என்று காரிடம் சொன்னாள் நவமணி.

"நீ ஓட்டிப் பழகினா அப்பாவோடது அழிஞ்சிடும்மா. ஒருத்தர் ஓட்டுற விதம் மட்டும்தான் இதுல பதிஞ்சு நிக்கும்," என்றாள் ஷீபா.

"தெரியும்டி. எனக்கு மேல போகணும்."

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் ஊர்ந்துதான் திரும்பினாள். மேலே முகாமில் கேரவனைக் காரால் பின்பக்கமாகத் தள்ளி நிறுத்துவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் கேரவன் வலது பக்கம் போனது.

"எதிர்ப்பக்கம் ஒடிம்மா!" என்று, இறங்கிப் பின்னால் நின்ற ஷீபா கத்தினாள்.

ஆறாவது முறை, கொஞ்சம் கோணலாக, கேரவன் இடத்தில் நின்றது.

"இனி நீங்கள் ஓட்டும் விதத்தையே வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கார் கேட்டது.

நவமணி மகளைப் பார்த்தாள். ஷீபா ஜன்னலருகே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லும்மா," என்றாள்.

"வச்சுக்கோ," என்றாள் நவமணி. சொன்ன பிறகும் வெகுநேரம் அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.