அறுபத்து நான்கு கலசங்கள்

டெல்டா மாவட்டத்துப் பெருமக்கள் அனைவரும் அறியவேண்டிய அதிமுக்கிய அறிவிப்பு: உரக்கடை மதிவாணன் இன்று அறுபது வயதை நிறைவு செய்கிறார். திருக்கடையூர் மண்டபத்தில், ஹோமப் புகைக்கு நடுவே, நூல் சுற்றிய அறுபத்து நான்கு கலசங்கள் அவர் தலையில் இறங்கக் காத்திருக்கின்றன. பக்கத்தில் மகன் பரணிதரன் பல்லை நறநறவென்று கடித்தபடி, கண் விரிய, வேர்வையில் பட்டுச்சட்டை நனைய ஆடிக்கொண்டிருக்கிறான். “புள்ளைக்கு சாமி வந்துருச்சு!” என்று அத்தை கமலாம்பாள் அவன் முகத்துக்கு நேரே சூடத்தட்டை நீட்டுகிறாள். நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா கலைமகள் அவன் கழுத்தைத் தொடுகிறாள். அடுப்பில் கிடந்த கல்லாகச் சுடுகிறது. “என்னடா போட்ட?” “பாண்டிச்சேரி கிளப்புல மிஞ்சின போதை மாத்திரை, அக்கா. ஃபங்ஷன்ல தூங்கிடக்கூடாதுன்னு ரெண்டு...” அவன்மேல் ஊற்ற அவள் ஒரு கலசத்தைத் தூக்குகிறாள். “அதைத் தொடாத! மந்திரம் சொன்ன தண்ணி, எனக்கு வச்சது!” “அப்பா, உடம்பு கொதிக்குது, செத்துருவான்! நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க!” “நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு? வீடியோ ஓடுதுல்ல!” சித்தப்பாக்கள் இருவர் அவளைப் பிடித்து நிறுத்துகிறார்கள். மேளம் கொட்டுகிறது. உறவுக்காரர்கள் வரிசையில் வந்து மதிவாணன் தலையில் குளிரக் குளிர ஊற்றுகிறார்கள். வழிந்த தண்ணீர் தரையில் ஓடி, சுருண்டு விழுந்துவிட்ட பரணிதரனின் குதிகாலை மட்டும் நனைத்துவிட்டு சாக்கடைக்குப் போகிறது. பல் கடிக்கும் சத்தம் நிற்கிறது. “பாத்தியா, சாமி மலையேறிடுச்சு,” என்று அத்தை அவன் நெற்றியில் திருநீறு பூசுகிறாள். சித்தப்பாக்களின் பிடியை உதறிக்கொண்டு வந்த கலைமகள் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறாள். நாடி இல்லை.