ராய்ஸ் கொடுத்த புகார்

"ராய்ஸ் உன் மேல புகார் குடுத்திருக்கான்மா. இன்ஜினைச் சோதிக்கணும்."

பரிசோதகர் லாய்ட் வந்து சொன்னபோது, மார்லிஸ் ஒரு கையில் பீன்ஸும் கறியும் போட்ட சில்லிக் கிண்ணமும் மறு கையில் இலவங்கப்பட்டை ரோலுமாக நின்றிருந்தாள். இரண்டையும் காரின் கூரை மேல் வைத்தாள். பசி போயே போச்சு.

இறுதிப் பந்தயத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. ஓடப் போவது இரண்டே கார். ஒன்று அவளுடையது, மற்றது அந்த ராய்ஸுடையது.

"என்னவாம் புகார்?"

"பந்தயம் முடிஞ்சப்புறம்தான் புகார்ச் சீட்டைக் காட்டலாம், அதான் ரூல். முன்னூறு டாலர் கட்டியிருக்கான். உன் மேல தப்பில்லேன்னா அது அவனுக்குத் திரும்பி வராது."

"காசு கட்டி வயிறெரியறானா? இவனை மாதிரி ஆளை நான் பாத்ததே இல்ல."

வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூட பஸ்ஸை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டுகிறவள் மார்லிஸ். அவளுக்கென்று இருப்பது இந்த ஞாயிற்றுக்கிழமையும், இந்தப் பழைய நாலு சிலிண்டர் காரும்தான். ஏற்கெனவே ஒரு இன்ஜினை உடைத்தாகிவிட்டது. 'இதுவும் போச்சுன்னா பந்தயத்துக்கே முழுக்கு' என்று புருஷன் கென்ட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அப்படியும் ஆசை விடவில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்க கராஜில் கிடந்து, அதில், காற்றை அழுத்தித் திணித்து வேகத்தையும் சூட்டையும் கூட்டும் ஒரு டர்போவைப் பொருத்தியிருந்தாள்.

ராய்ஸ் அன்று காலையிலேயே வந்து மூக்கை நுழைத்தான். டயர் மேல் கிடந்த ஸ்பார்க் பிளக் டப்பாவைப் புரட்டிப் பார்த்தான்.

"ஏம்மா, இது டர்போ இல்லாத இன்ஜினுக்குப் போடற பிளக். உனக்கு ரொம்பச் சூடு. ரெண்டு படி குளிர்ந்ததாப் போடு. ஓட்டத்தோட கடைசியில உன் இன்ஜின் படபடன்னு அடிக்குது, எனக்கே கேக்குது."

விஷயம் மார்லிஸுக்குத் தெரியாததல்ல. சூட்டைச் சட்டென்று வெளியே கடத்திவிடுவது குளிர்ந்த பிளக். தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்வது சூடான பிளக். இன்ஜினுக்குத் தேவையானதைவிடச் சூடாக இருந்தால், பிளக்கின் முனையே கங்காகி, நேரம் வருமுன் பெட்ரோலைக் கொளுத்திவிடும். அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்தால் கரி பிடித்து அணைந்துபோகும்.

"யோவ், போன வருஷமும் இதையேதானய்யா சொன்ன? உன் பேச்சைக் கேட்டுக் குளிர்ந்ததைப் போட்டேன். கரி புடிச்சு, புறப்படற கோட்டுலயே வண்டி நின்னுடுச்சு. நீ பாட்டுக்குக் கப்பைத் தூக்கிட்டுப் போயிட்ட. மறுபடியும் அதே நாடகமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராய்ஸின் காது சிவந்தது. வந்த வழியே போய்விட்டான்.

அந்தக் கோபத்துக்குத்தான் இந்தப் புகார் என்று மார்லிஸுக்குப் புரிந்தது.

"முதல்ல பிளக்கைக் கழட்டு" என்றார் லாய்ட். இன்ஜினின் கொள்ளளவைப் பிளக் ஓட்டை வழியாகத்தான் அளப்பார்கள். எனவே அவள் ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

மூன்றாவது பிளக்கை லாய்ட் வாங்கிப் பார்த்துவிட்டு, அவள் உள்ளங்கையில் வைத்தார். கூடவே பூதக்கண்ணாடியையும் கொடுத்தார்.

"நல்லாப் பாரு."

வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவினாற்போல் ஏதோ பொடிப் பொடியாக மின்னியது.

"உன் பிஸ்டன்தாம்மா அது. உருகித் தெறிக்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு ஓட்டம் ஓடியிருந்தா ஓட்டையே விழுந்திருக்கும்."

மார்லிஸ் அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். லாய்ட் நாலு சிலிண்டரின் அழுத்தத்தையும் பார்த்து, "தப்பிச்சது. உன் மேலயும் தப்பில்ல, ஓடலாம்" என்றதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

கருவிப் பெட்டியின் அடியில், போன வருஷம் காலை வாரிய அதே நாலு குளிர்ந்த பிளக்குகள் கிடந்தன. பிரஷ் போட்டுக் கரியைத் தேய்த்து அவற்றையே மாட்டினாள்.

"பாத்தியா?" என்று சிரித்தான் கென்ட். "அவன் வயித்தெரிச்சல் உன் இன்ஜினைக் காப்பாத்திடுச்சு."

இறுதிப் பந்தயத்தில் படபடப்பே இல்லை. இன்ஜின் கடைசி வரை ஒரே சீராகப் பாடியது. அரைக் கார் நீளத்தில் மார்லிஸ் ஜெயித்தாள். இறங்கியதும் சூடான பானெட்டைத் தடவிக் கொடுத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தனக்கு உண்டு என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

பிறகு நேரே ராய்ஸிடம் போனாள். சும்மா விட மனசு வரவில்லை.

"முன்னூறு டாலரும் போச்சு, கப்பும் போச்சு. கெட்ட புத்திக்கு இது வேணும்யா உனக்கு."

"நல்லா ஓட்டினம்மா" என்றான் அவன். காரை டிரெய்லரில் ஏற்றப் போய்விட்டான்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று லாய்ட் புகார்ச் சீட்டை நீட்டினார். மார்லிஸ் பேனாவைத் திறந்துகொண்டே படித்தாள்.

சந்தேகம் என்ன என்ற இடத்தில், 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தது.

சோதிக்க வேண்டியது என்ற இடத்தில் ராய்ஸின் கோணல் எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடியிருந்தது:

'நாலு பிளக்கையும் கழற்றி அவள் கையில் கொடுக்கவும். போன வருஷம் டர்போ இல்லாத வண்டிக்கு நான் சொன்னது தப்பு. அதனால் இந்த வருஷம் நான் சொன்னால் நம்ப மாட்டாள். கண்ணால் பார்த்தால் நம்புவாள்.'