பிரேக் போட்ட இடங்கள்

கார் ரேஸ் ஓட்டும் ஸ்ரீராம்குமார் சில மாதங்கள் கழித்து அன்றுதான் கோவையிலிருந்து சிவகாசி வந்திருந்தான். அவனிடம் ரேஸ் பழகும் டிரைவர் முனியராஜ், தான் ஓட்டியபோது காரிலிருந்த கேமராவில் பதிவான வீடியோவைக் கொண்டுவந்திருந்தான்.

"சத்தம் வேண்டாம் தம்பி. தப்பை மட்டும் சொல்லுங்க" என்று டிவியின் ஒலியை அடக்கினான் முனியராஜ்.

டிவியில் ரோடு விரைந்தது.

"என்னண்ணே, மதுரை ரோட்டுலயா பழகுனீக?"

முனியராஜ் டிவியைப் பார்க்கச் சொல்லிக் கைகாட்டினான்.

"இந்த வளைவுக்குப் பிரேக்கே வேண்டாம். இங்கன பாருங்க, நேர் ரோட்டுலயும் போட்டிருக்கீக! அம்புட்டு நேரமும் வீணாப் போச்சு. எந்த கியர்ல வந்தீக? இன்ஜினைக் கேட்டாத்தான் தெரியும்."

ஸ்ரீராம்குமார் சத்தத்தைக் கூட்டினான்.

இன்ஜின் இரைச்சலுக்குள் ஒரு பெண் முனகினாள்.

"மெதுவாப் போங்க மாமா... குலுங்குனா எரிச்சல் தாங்கல..."

ஸ்ரீராம்குமார் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"என் வீட்டுக்காரி, தம்பி. போன மாசம் பட்டாசுக் கம்பெனியில வெடிச்சப்போ, பின்சீட்டுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கேமராவ அணைக்கத் தோணல. கொஞ்சம் முந்தி வந்திருந்தா அவ பொழைச்சிருப்பான்னு டாக்டர் சொல்லிட்டாரு."

முனியராஜ் ரிமோட்டை வாங்கி, வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டான்.

"இப்பச் சொல்லுங்க தம்பி. எங்கெங்க நான் பிரேக் போட்டிருக்கக் கூடாது?"