இரண்டு மணிக்கட்டு

வலது மணிக்கட்டில் ஒன்று. இடது மணிக்கட்டில் இன்னொன்று.

மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்தான். இரண்டும் மரவாசனைதான். இரண்டுமே தன்னுடையது இல்லை போலிருந்தது.

“சந்தனமா, அகிலான்னு தெரியல. சரி, மூடி செவப்பா, பச்சையா? அதாவது ஞாபகம் இருக்கா தம்பி?” என்றார் அத்தர் கடை பாய்.

இல்லை.

ஆறு வருடம் தினமும் பூசிக்கொண்ட அத்தர். வாங்கி வந்தவள் மனைவி. காலையில் இவன் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டுவான், அவள் தொட்டு வைப்பாள். மூடியைப் பார்த்ததே இல்லை.

இப்போது கேட்கவும் முடியாது. எதுவானாலும் வக்கீல் மூலம்தான்.

“கட்டைச் சரக்கு. ஒடனே பிடிபடாது. ஒரு மணி நேரம் உடம்புச் சூட்டுல கெடக்கட்டும். அப்புறமா வந்து சொல்லுங்க.”

மணி மூன்றே முக்கால்.

நான்கு மணிக்கு மகளைப் பார்க்கலாம் என்று கோர்ட் சொல்லியிருந்தது. இனி சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம். இன்றுதான் முதல்.

பிரிந்தபோது மினுவுக்கு மூன்று வயது. இப்போது ஐந்து. முகம் மறந்திருக்கும். வாசனை மறக்காது என்று யாரோ சொன்னார்கள். அதை நம்பித்தான் கடைக்கு வந்தான்.

எதையும் எடுக்காமல், இரண்டு கையோடும் கிளம்பினான்.

கோர்ட்டில் குழந்தைகளுக்கென்று ஓர் அறை. சுவரில் யானை. மனைவி வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மினு அவனைச் சுற்றிக்கொண்டு பொம்மைகளிடம் போனாள்.

கையை நீட்டினான். மூக்கைச் சுளித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு காரோடு வந்தாள்.

“அங்கிள், இது ஒடஞ்சிருக்கு.”

சக்கரத்தை மாட்டிக் கொடுத்தான். எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. காலையில் அவள் எழுந்திருக்கும் முன்பே இவன் வேலைக்குப் போயிருப்பான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ராத்திரி ஏழு மணி அப்பா. பகல் முழுக்கத் தோலில் ஊறிய வாசனை.

கடிகாரத்தைப் பார்த்தான். செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம். மினு அவன் முழங்கால் மேல் காரை ஓட்டினாள். இடது கை மேல் ஏற்றினாள்.

மணிக்கட்டில் கார் நின்றது.

குனிந்தாள். இன்னொரு முறை குனிந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, அந்தக் கையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

அவன் அசையவில்லை. கை மரத்துப் போனது.

ஐந்து மணிக்கு மனைவி வந்தாள். மினு கையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க அவள் குனிய வேண்டியிருந்தது. குனிந்தவள் ஒரு கணம் அப்படியே இருந்தாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கதவருகே நின்றாள். திரும்பவில்லை.

“பச்ச மூடி.”